போகாத கறை

இந்த நகரத்தில் யார் தனியாகத் தூங்குகிறார்கள்,
யார் வீட்டில் இந்த மாதம் இறைச்சி இல்லை,
எல்லாம் துணி சொல்லும்.
சோன் ஆற்றில் கட்டிய சலவைப் படகில்
முட்டி தேயப் பதினேழு வருஷம்.
லியோன் செய்தித்தாள் எனக்கு எதற்கு?

மத்மொசெல் கர்தோனின் வேலை அங்கி மட்டும்
பிடிபடவில்லை.
வயிற்றுக்கு நேரே சின்னச் சின்ன ஓட்டைகள்.
சுருட்டு நெருப்பு இல்லை, பூச்சியும் இல்லை.
ஓரமெல்லாம் பொரிந்திருந்தது.
வெள்ளையாய் உலரப்போட்ட கைப்பட்டி
மத்தியானம் கறுத்துக் கிடந்தது.
வெயில் பட்டுக் கறுக்கும் கறை!
சூனியம் என்றாள் பக்கத்துப் பலகை ஸிதோனி.
"வெள்ளி," என்றாள் மத்மொசெல்.
"வெள்ளியைக் கரைத்தேன், ஒனொரின். சிந்திவிட்டது."

வெள்ளியைக் கரைக்கிறவளிடம்
மூன்று வாரக் கூலி பாக்கி.

குளிர் தொடங்கிய நாள் அது.
கஞ்சி போட்டதும் அவள் சட்டைக் கை
நீலமாகிவிட்டது,
மைக்கூடு கவிழ்ந்த நீலம்.
கெடுத்துவிட்டேன் என்று நான்கு மாடி ஓடினேன்.
அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"கஞ்சி கோதுமையா, உருளைக்கிழங்கா?
போடும்போது ஆறியிருந்ததா?"
என் கஞ்சியைப் பற்றி அதுவரை
யாரும் எதுவும் கேட்டதில்லை.
பிறகு சிரித்தாள்.
"அயோடின். மாவைக் கண்டால் இப்படித்தான்.
ஐம்பது வருஷப் பழைய சேதி.
ஆனால் உனக்கு இன்று காலைதானே தெரிந்தது?
அப்படியானால் புதுசு."
குழாயில் கஞ்சியை ஊற்றிச் சுடவைத்தாள்;
நீலம் ஓடிப்போனது.
ஆறவிட்டாள்; திரும்பி வந்தது.
மூன்று முறை செய்து காட்டச் சொன்னேன்.
நான்காவதை நானே செய்தேன்.

பிறகு பச்சை வந்தது.
சுவர்த்தாள் பச்சை, நடன அரங்கில் பச்சை,
தொப்பியில் செருகும் துணி இலைகள் பச்சை.
இலைப் பட்டறைப் பெண் அல்பெர்தின்
நகக்கண் எல்லாம் புண்ணாய் வந்து நின்றாள்.
அவள் செய்த இலை ஒன்றைக்
கரித்தணலில் போட்டாள் மத்மொசெல்.
அறை முழுக்கப் பூண்டு வாசனை.
அடுப்பில் பூண்டு இல்லை.
"பாஷாணம்," என்றாள். சன்னலைத் திறந்தாள்.

எங்கள் சாயம் போகாது என்றார் பட்டறை முதலாளி.
ஒரு முழம் பச்சைத் துணியை என்னிடம் தந்து
மத்மொசெல் சொன்னாள்:
"துவை. தண்ணீரைக் கொட்டிவிடாதே."
அழுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கேட்டவள்
என் ஆயுளில் அவள் ஒருத்திதான்.
ஆறு ஜாடி தூக்கிக்கொண்டு படி ஏறினேன்.
முதலாளியின் சாயம் வெளுத்தது
என் கையில்தான்.

கற்றோர் சபையில் அதைப் படித்தவர்
அவள் அக்காள் புருஷன்.
அன்று அவள் பாவாடை விளிம்பில் நடைவழி மெழுகு.
உட்கார இடம் கொடுக்கவில்லை என்று
அந்த விளிம்பைக் கசக்கும்போது தெரிந்தது.
அச்சான தாளில் என் பெயர் இல்லை.
அவள் பெயரும் இல்லை.
பச்சைத் தாள் இன்னும் நான்கு வருஷம் விற்றது.
அல்பெர்தின் அதற்கு முன்பே போய்விட்டாள்.

மார்ச் மாதம், இருமலில், மத்மொசெல்லும்.

நோட்டரி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.
எனக்கு எழுத்து வராது. அவரே படித்தார்.
ஏதோ எடை, ஏதோ வெப்பம், ஒரு தேதி, பிறகு:
"கஞ்சி, கோதுமை, நன்றாக ஆறியது. கண்டவள் ஒனொரின்."
அதற்கு நேர் கீழே,
அதே மையில், அதே கவனத்தில்:
"ஒனொரினுக்குப் பாக்கி, முப்பத்துமூன்று ஸூ."

எண்ணி வாங்கிக்கொண்டேன்.
ஒரு ஸூ கறுத்திருந்தது.
மாற்றித் தரவா என்றார்.
வேண்டாம் என்றேன்.